சேனல் முழுசாகத் தெரியாதபோது ரகசியம் காப்பது: பிசிக்கல் லேயர் செக்யூரிட்டிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வேலூரில் காட்பாடி, பாகாயம், சத்துவாச்சாரி பக்கம் அறை எடுத்துத் தங்கி இசிஇ கடைசி வருடம் படிக்கிற பிள்ளைகள், பிராஜெக்ட் தலைப்புக் கொடுக்க வேண்டிய நேரம் வந்தால் ஒரே கேள்வியோடு வருவார்கள்: "அண்ணா, பிசிக்கல் லேயர் செக்யூரிட்டியில பண்ணலாமா, ரொம்பக் கஷ்டமா?" பண்ணலாம், தாராளமாகப் பண்ணலாம். சாவியை மட்டும் நம்பாமல், சிக்னல் போகும் சேனலின் தன்மையைக் கொண்டே செய்தியை ஒட்டுக்கேட்கிறவனிடமிருந்து மறைப்பதுதான் இது. ஆனால் பாதிப் பேர் எடுத்தவுடன் ஒட்டுக்கேட்கிறவனைப் பற்றியே யோசிக்கிறார்கள், அவன் எங்கே நிற்பான், எத்தனை ஆன்டெனா வைத்திருப்பான் என்று. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் சொந்தச் சேனலை, அதாவது அனுப்பும் ஆன்டெனாவிலிருந்து பெறும் ஆன்டெனா வரை சிக்னல் போகும் வழியைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியாது என்பதை ஒரு எண்ணாக எழுதுங்கள். அந்த எண் இல்லாமல் போடுகிற ரகசியக் கணக்கு தாளில் அழகாக இருக்கும், காற்றில் நிற்காது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு எண்ணைச் சுற்றித்தான் போகப் போகிறது.

இனிமேல் மூன்று பேரைப் பற்றிப் பேசுவோம்: அனுப்புபவர், பெறுபவர், ஒற்றன். ஆங்கிலக் கட்டுரைகளில் ஆலிஸ், பாப், ஈவ் என்று வருபவர்கள் இவர்கள்தான்.

முதலில் பேப்பரில் ஒரு கணக்கு

சாவி போட்டுச் செய்தியைப் பூட்டுவது நமக்குப் பழகிய முறை. 1949-இல் ஷானன், முழுமையான ரகசியம் வேண்டுமென்றால் சாவியும் செய்தி அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும் என்று நிரூபித்தார். 1975-இல் வைனர் வேறு வழி காட்டினார்: ஒற்றனுக்குக் கிடைக்கும் சிக்னல் பெறுபவருக்குக் கிடைப்பதைவிட மோசமாக இருந்தால், சாவியே இல்லாமல், குறியீட்டு முறையாலேயே செய்தியை மறைக்க முடியும். 1978-இல் சிசாரும் கோர்னரும் இதைப் பொதுவான சேனல்களுக்கு விரித்தார்கள். அதே வருடம் லியுங்-யான்-சியோங்கும் ஹெல்மனும் நாம் எல்லோரும் பயன்படுத்துகிற காஸியன் இரைச்சல் சேனலுக்கு விடை கண்டார்கள். வரலாறு இப்போதைக்கு இது போதும்.

அந்த விடை ரொம்ப எளிது. பெறுபவரின் சேனல் கொள்ளளவிலிருந்து ஒற்றனின் கொள்ளளவைக் கழியுங்கள், மீதிதான் ரகசியமாக அனுப்பக்கூடிய வேகம், கழித்தால் மைனஸ் வந்தால் பூஜ்யம். கொள்ளளவு என்பது எஸ்என்ஆரோடு (சிக்னல் பவருக்கும் இரைச்சல் பவருக்கும் உள்ள விகிதம்) 1 கூட்டி, 2 அடிமானத்தில் எடுக்கும் மடக்கை. பெறுபவருக்கு 20 டெசிபல் என்றால் எஸ்என்ஆர் 100, மடக்கை 6.66. ஒற்றனுக்கு 10 டெசிபல் என்றால் எஸ்என்ஆர் 10, மடக்கை 3.46. வித்தியாசம் 3.2. அதாவது ஒரு ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு 3.2 பிட் ரகசியமாகப் போகும். கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் இதைக் கையால் இரண்டு மூன்று எண்களுக்குப் போட்டுப் பாருங்கள். டெசிபலைச் சாதாரண எண்ணாக மாற்ற மறந்து மாட்டிக்கொள்பவர்கள் இந்த இடத்திலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

சேனலை ஆட விடுங்கள்

உண்மையான சேனல் ஒரே எண்ணில் நிற்காது. லாங் பஜார் மாதிரி நெருக்கமான தெருவில் நின்றால் சிக்னல் சுவர், ஷட்டர், வண்டி என்று எல்லாவற்றிலும் மோதிப் பல வழிகளில் வந்து சேரும், சில நேரம் கூடும், சில நேரம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இதற்கு ரேலி ஃபேடிங் மாடல் பொருந்தும். கோடையில் பாலாற்று மணலில் இரண்டு கருவிகளை எதிரெதிரே வைத்தால் கதை வேறு: நேர்ப்பாதை தெளிவாக இருக்கும், ரைசியன் மாடல்தான் அதற்குச் சரி. எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்யாமல் மாடலை எடுக்காதீர்கள்.

பைத்தானும் அதன் கணக்குத் தொகுப்பான நம்பையும் இருந்தால் போதும். ரேலி சேனல்களை ஒரு லட்சம் தடவை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் மேலே சொன்ன கழித்தலைச் செய்யுங்கள். உங்கள் நிரல் சரியா என்று பார்க்க மூன்று எண்கள் தருகிறேன். பெறுபவரின் சராசரி 20 டெசிபல், ஒற்றனின் சராசரி 10 டெசிபல் என்றால், ரகசிய வேகம் பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருக்கும் வாய்ப்பு 91 சதவீதம் வர வேண்டும். பெறுபவரின் சராசரியை இருவரின் சராசரிகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது அது, 100-ஐ 110-ஆல் வகுங்கள். 1 பிட் வேகத்தில் அனுப்ப முயன்றால் ரகசியம் தவறும் வாய்ப்பு சுமார் 17.5 சதவீதம். 2 பிட் என்றால் சுமார் 30.7. இந்த மூன்றும் வரவில்லை என்றால் மேலே போகாதீர்கள், நிரலில் தவறு இருக்கிறது.

இதிலேயே மனதுக்குத் தெம்பு தரும் செய்தி ஒன்றும் இருக்கிறது. எண்களைத் தலைகீழாக்கி ஒற்றனுக்கு 20 டெசிபல், பெறுபவருக்கு 10 டெசிபல் என்று வைத்தாலும் 9 சதவீத நேரம் பெறுபவர் முந்துகிறார். சேனல் ஆடுவதால்தான் அது நடக்கிறது. ஆனால் அந்த 9 சதவீதம் எப்போது வருகிறது என்று அனுப்புபவருக்குத் தெரிய வேண்டுமே? அங்கேதான் நம் விஷயம் ஆரம்பிக்கிறது.

எவ்வளவு தெரியாது என்று எண்ணுங்கள்

சேனல் தகவலில், சுருக்கமாக சிஎஸ்ஐயில், பிழை நான்கு பக்கத்திலிருந்து வரும். ஒவ்வொன்றையும் தனியாகப் பாருங்கள், ஏனென்றால் மருந்தும் தனித்தனி.

முதலாவது பைலட். தெரிந்த ஒரு சிக்னலை அனுப்பி, வந்ததைப் பார்த்துச் சேனலை யூகிக்கிறோம். அதிலும் இரைச்சல் கலந்திருக்கும். சேனலின் சராசரி பவர் 1, பைலட்டின் எஸ்என்ஆர் 10 என்றால், எம்எம்எஸ்இ முறையில் (சராசரி வர்க்கப் பிழையை மிகக் குறைவாக்கும் யூகம்) மிஞ்சும் பிழை 11-இல் 1 பங்கு, சுமார் 9 சதவீதம். பைலட்டை நான்கு தடவை அனுப்பினால் 41-இல் 1 பங்கு, சுமார் 2.4 சதவீதம். விதி: பைலட் எண்ணிக்கையை எஸ்என்ஆரால் பெருக்கி, 1 கூட்டி, தலைகீழாக்குங்கள்.

இரண்டாவது தாமதம். பாலாற்றுப் பாலத்தின் மேல் டவுன் பஸ் மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறது என்று வையுங்கள், நொடிக்கு 11 மீட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், ஆகவே டாப்ளர் (ஓட்டத்தால் அதிர்வெண் நகரும் அளவு) சுமார் 89 ஹெர்ட்ஸ். சேனலை அளந்து 1 மில்லிநொடி கழித்து அனுப்பினால், பஸ் நகர்ந்தது ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான், ஆனால் பழைய சேனலுக்கும் புதிய சேனலுக்கும் உள்ள ஒற்றுமை (கோரிலேஷன்) 0.92-ஆகக் குறைந்துவிடும். எல்லாத் திசையிலிருந்தும் சிக்னல் வருவதாக எடுக்கும் ஜேக்ஸ் மாடலில் பூஜ்ய வரிசை பெசல் சார்பு தரும் மதிப்பு அது. அதை வர்க்கப்படுத்தி 1-இலிருந்து கழித்தால் சுமார் 15 சதவீதப் பிழை. பைலட்டில் எவ்வளவு பவர் கொட்டினாலும் இந்தப் பிழை குறையாது. மேசை மேல் வைத்துச் சோதித்துவிட்டு வண்டிக்கும் பொருந்தும் என்று ரிப்போர்ட்டில் எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது பிழையை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, பெறுபவர் தன் சேனலைச் சில பிட்களில் சுருக்கித் திருப்பி அனுப்பும்போது வருவது. நான்கு ஆன்டெனாவுக்கு 6 பிட் கொடுத்தால், திசைப் பிழையின் சராசரிக்கு மேல்வரம்பு நான்கில் ஒரு பங்கு. 12 பிட் கொடுத்தால் பதினாறில் ஒரு பங்கு. நான்காவது வன்பொருள்: போகும் வழியும் வரும் வழியும் காற்றில் ஒன்றுதான், ஆனால் அனுப்பும் சர்க்யூட்டும் பெறும் சர்க்யூட்டும் ஒன்றல்ல, அளவீடு செய்து சரிப்படுத்தினால்தான் ஒன்றை வைத்து மற்றொன்றைச் சொல்ல முடியும்.

சரி, இதை நிரலில் எப்படி வைப்பது? உண்மையான சேனல் என்பது யூகித்த சேனலும் பிழையும் சேர்ந்தது. இரண்டுக்கும் தனித்தனி மாறி வையுங்கள். பைத்தான் 3-இல் தமிழிலேயே பெயர் வைக்கலாம், நான் 'உண்மை', 'யூகம்' என்றே வைக்கிறேன், அதற்குக் காரணம் உண்டு. நான் படித்த காலத்தில் பீம் (சிக்னலை ஒரு திசையில் குவிக்கும் கற்றை) உருவாக்கும் ஒரே ஒரு வரியில் யூகத்துக்குப் பதில் உண்மையைப் போட்டுவிட்டேன். வரைபடங்கள் அவ்வளவு நன்றாக வந்தன, இரண்டு வாரம் அதை நம்பி மேலே மேலே கட்டினேன், கடைசியில் பிழையை 50 சதவீதமாக்கியும் கோடு அசையவில்லை என்று கண்டபோதுதான் புரிந்தது. அதனால் இதை ஒரு சோதனையாகவே வைத்துக்கொள்ளுங்கள்: பிழையை ஏற்றினால் பலன் இறங்க வேண்டும், இறங்காவிட்டால் எங்கோ உண்மை கசிந்திருக்கிறது. அனுப்புபவர் செய்யும் எந்த முடிவும் 'யூகம்' மாறியை மட்டுமே தொட வேண்டும், 'உண்மை' கடைசியில் மதிப்பெண் போட மட்டும்.

செயற்கை இரைச்சல்: இங்கே நிதானமாக

ஒற்றனின் சேனல் தெரியாது. அவன் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பவன், நமக்கு எப்படித் தெரியும்? 2008-இல் கோயலும் நெகியும் விரிவாகக் காட்டிய வழி, அவனைத் தேடாமலே அவனைக் குழப்புவது. அனுப்புபவரிடம் நான்கு ஆன்டெனா, பெறுபவரிடம் ஒன்று என்றால், பெறுபவருக்குக் கேட்கவே கேட்காத மூன்று திசைகள் கணக்கில் கிடைக்கும். அந்தத் திசைகளில் மட்டும் வேண்டுமென்றே இரைச்சலை அனுப்புங்கள். பெறுபவருக்கு ஒன்றும் ஆகாது, வேறு இடத்தில் நிற்கும் எவனுக்கும் காது அடைக்கும்.

பெறுபவருக்கு ஒன்றும் ஆகாது என்பது சேனல் முழுக்கத் தெரிந்தால் மட்டும். யூகத்தை வைத்துக் கண்டுபிடித்த 'கேட்காத திசை' உண்மையில் கொஞ்சம் கேட்கும் திசையாக இருக்கும். எவ்வளவு கேட்கும்? இரைச்சலுக்குக் கொடுத்த பவரைப் பிழையால் பெருக்குங்கள், அவ்வளவுதான். மொத்தப் பவர் 100, பெறுபவரின் சொந்த இரைச்சல் 1, பாதிப் பவர் செய்திக்கு, பாதி செயற்கை இரைச்சலுக்கு என்று எடுப்போம். சேனல் முழுக்கத் தெரிந்தால் பெறுபவருக்கு 50-ஐ நான்கால் பெருக்கி 200, அதாவது 23 டெசிபல். பிழை 9 சதவீதம் என்றால் 4.5 அளவுக்கு இரைச்சல் கசிந்து வந்து அந்த 1-ஓடு சேரும். செய்தியும் பிழையால் 200-இலிருந்து சுமார் 186-ஆகக் குறையும், ஆகவே விகிதம் 200-இலிருந்து சுமார் 34-க்கு விழும். நாமே அனுப்பிய இரைச்சல், நம் ஆளின் சொந்த இரைச்சலைவிட நாலு மடங்குக்கு மேல் அவரையே அடிக்கிறது! பைலட்டை நான்காக்கிப் பிழையை 2.4 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் விகிதம் 88 வரை ஏறும். கூடுதல் ஆன்டெனா வாங்குவதற்கு முன் கூடுதல் பைலட் போட்டுப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்து, பவரை எப்படிப் பங்கு போடுவது. ஒற்றனிடம் ஒரே ஆன்டெனா, தூரமும் இரைச்சலும் பெறுபவருக்கு உள்ளதைப் போலவே என்று வைத்து, சராசரி மதிப்புகளைக் கொண்டு போட்டேன். சேனல் முழுக்கத் தெரிந்தால் பாதிக்குப் பாதிதான் நல்லது, ரகசிய வேகம் சுமார் 6.7. பிழை 9 சதவீதம் ஆனதும் அதே பாதிக்குப் பாதியில் 4.1. முக்கால் பங்கைச் செய்திக்குக் கொடுத்தால் 4.5. ஆகவே தெரியாமை கூடக்கூட இரைச்சலைக் குறைக்க வேண்டும் என்று தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். இதில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: பிழை அனுப்புபவர் பக்கம் மட்டும், பெறுபவருக்குத் தன் சேனல் நன்றாகத் தெரியும் என்று. பெறுபவருக்கும் அதே பிழை இருந்து, தெரியாத பகுதியில் வந்த செய்தியையும் அவர் இரைச்சலாகவே எண்ண வேண்டியிருந்தால், பாதிக்குப் பாதியில் 3.3 வரும், முக்காலுக்குப் போனால் 2.85-ஆகக் குறையும். அறிவுரையே தலைகீழாகிவிட்டது பாருங்கள். எந்தக் கட்டுரையை எடுத்தாலும் பிழை யார் பக்கம் என்று முதலில் தேடுங்கள், அது தெளிவாக இல்லாத வரைபடத்திலிருந்து எண்ணை எடுத்து உங்கள் ரிப்போர்ட்டில் போடாதீர்கள்.

வரம்பா, வாய்ப்பா

பிழையை வைத்துக்கொண்டு பாதுகாப்பாக வடிவமைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பிழை ஒரு குறிப்பிட்ட ஆரமுள்ள கோளத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், அதில் மிக மோசமான புள்ளிக்கும் தாங்க வேண்டும் என்பது. கோளத்துக்குள் எண்ணற்ற புள்ளிகள் இருப்பதால் நிபந்தனையும் எண்ணற்றது. எஸ்-லெம்மா என்ற கருவி அதை ஒரே ஒரு அணி நிபந்தனையாகச் சுருக்கும், பிறகு சிவிஎக்ஸ்பை போன்ற நிரல் தொகுப்பு தீர்த்துக் கொடுக்கும். இன்னொன்று, பிழை காஸியனாகப் பரவியிருக்கிறது, 100-இல் 95 தடவை ரகசியம் நின்றால் போதும் என்பது. அதற்குப் பெர்ன்ஸ்டைன் வகைச் சமனின்மைகளைக் கொண்டு பத்திரமான தோராயம் எடுப்பார்கள்.

எதை எடுப்பது? பிட்களில் சுருக்கியதால் வந்த பிழைக்கு இயல்பாகவே எல்லை உண்டு, அதற்குக் கோளம் பொருந்தும். பைலட் இரைச்சலால் வந்த பிழைக்கு எல்லை கிடையாது, வாய்ப்புக் கணக்குதான் நேர்மையானது. கோள முறை எச்சரிக்கை மிகுந்தது, பல நேரம் வேகத்தை அநியாயத்துக்குக் குறைத்துவிடும். புதியவர்கள் வாய்ப்பு முறையில், அதுவும் சமனின்மை எதுவும் இல்லாமல், ஒரு லட்சம் பிழைகளை உருவாக்கி எண்ணிப் பார்ப்பதில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. நிரூபணம் பிறகு வரட்டும்.

ஒற்றனைப் பற்றி இப்போது

அவனைப் பற்றி மூன்று விதமாக அனுமானிக்கலாம்: சேனல் முழுக்கத் தெரியும், சராசரி மட்டும் தெரியும், ஒன்றுமே தெரியாது. முதலாவதை மறந்துவிடுங்கள், அவன் உங்கள் நெட்வொர்க்கிலேயே பதிவு செய்த பயனராக இருந்து, இந்தச் செய்தி மட்டும் அவனுக்கில்லை என்கிற நிலையில்தான் அது சரி. வெளியாள் என்றால் ஒரு காம்பவுண்டுக்குள் அவன் வர முடியாது என்று எல்லை வைத்து, அந்த எல்லையில் நிற்பவனை மோசமான நிலையாக எடுங்கள். அணைக்கட்டுப் பக்கம் கிணற்று மோட்டாருக்கு வயர்லெஸ் சென்சார் வைக்கிறீர்கள் என்றால் வேலிதான் எல்லை.

அவனிடம் எத்தனை ஆன்டெனா என்பது முக்கியம். அனுப்புபவரிடம் இருக்கும் அளவுக்கு அவனிடமும் இருந்தால், நல்ல ரிசீவராகவும் இருந்தால், செயற்கை இரைச்சலை அவனால் நீக்கிவிட முடியும். இன்னொரு ஆபத்து, அவன் சும்மா கேட்டுக்கொண்டிருக்காமல் பெறுபவரின் பைலட்டையே தானும் அதே நேரத்தில் அனுப்புவது. அப்போது அனுப்புபவரின் யூகம் பாதி அவன் பக்கம் சாயும், பீமும் அவனை நோக்கியே போகும். இந்தத் தாக்குதல் 2012-இலேயே கட்டுரையாக வந்துவிட்டது. பைலட்டை ஒவ்வொரு முறையும் மாற்றுவதும், வந்த பவர் எதிர்பார்த்ததைவிடக் கூடியிருக்கிறதா என்று பார்ப்பதும் முதல் தற்காப்பு.

அரை அலைநீளம் தள்ளி நின்றால் ஒற்றனின் சேனல் முற்றிலும் வேறாக இருக்கும், 2.4 கிகாஹெர்ட்ஸில் அது வெறும் 6 சென்டிமீட்டர் என்று பல இடங்களில் படிப்பீர்கள். சுற்றிலும் சிதறல் நிறைந்த இடத்துக்கு அது சரி. நான் முன்னால் சொன்ன ஆற்று மணலில் அதை நம்பவே நம்பாதீர்கள், நேர்ப்பாதை வலுவாக இருக்கும் இடத்தில் ஒற்றுமை ரொம்பத் தூரம் போகும்.

மொட்டை மாடியில் அளந்து பாருங்கள்

மூன்று இஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்ன மைக்ரோகன்ட்ரோலர்) போர்டுகள் வாங்குங்கள், ஒன்று அனுப்ப, ஒன்று பெற, ஒன்று ஒற்றனாக. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சிஎஸ்ஐயை நேரடியாக எடுத்துத் தரும் வசதி அதில் இருக்கிறது. எண்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஒவ்வொரு துணைச் சேனலுக்கும் (சப்கேரியர்) இரண்டு பைட் வரும், கற்பனைப் பகுதி முதலில், மெய்ப்பகுதி அடுத்து. மாற்றிப் படித்தால் அளவு சரியாக இருக்கும், கட்டம் (ஃபேஸ்) மட்டும் தப்பாக வரும், கண்டுபிடிக்க நேரமாகும். ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (ரேடியோ சிக்னலைப் பிடிக்கும் யுஎஸ்பி கருவி) மலிவு என்று அதை வாங்கிவிடாதீர்கள், அது 1.7 கிகாஹெர்ட்ஸ் சொச்சத்தோடு நின்றுவிடும், அதில் அனுப்பவும் முடியாது.

ஆரம்பத்தில் அளவை மட்டும் நம்புங்கள், கட்டத்தை விட்டுவிடுங்கள். இரண்டு போர்டுகளின் கிரிஸ்டலும் ஒரே அதிர்வெண்ணில் ஓடாது, சூட்டில் இன்னும் நகரும், நம் ஊர் மே மாத வெயிலில் மாடித் தளத்தில் வைத்தால் சொல்லவே வேண்டாம். சாயங்காலம் 6 மணிக்கு மேல் நிழலில் வைத்து அளந்து, பிறகு வேண்டுமென்றால் மதியம் அளந்து ஒப்பிடுங்கள்.

உங்கள் சொந்தக் கருவிகளுக்கு இடையில் போகும் சிக்னலை மட்டும் பிடியுங்கள், பக்கத்து வீட்டு வைஃபையைத் தொடாதீர்கள். செயற்கை இரைச்சலைக் காற்றில் விடாதீர்கள், அது ஜாமர் வேலை, சட்டம் அனுமதிக்காது. அந்தப் பகுதியை அளந்த சேனல்களைக் கொண்டு கம்ப்யூட்டரில் செய்யுங்கள், இல்லையென்றால் ஆய்வகத்தில் கேபிளும் சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டரும் போட்டுச் செய்யுங்கள்.

முதல் வாரத்து வேலை இவ்வளவுதான்: போர்டுகளை அசைக்காமல் பத்து நிமிடம், பெறும் போர்டைக் கையில் பிடித்து மாடியைச் சுற்றி நடந்தபடி பத்து நிமிடம், நொடிக்கு 100 தடவை சிஎஸ்ஐயைப் பதிவு செய்யுங்கள். அசையாத பதிவில் அடுத்தடுத்த அளவீடுகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்த்தால் அளவீட்டு இரைச்சலின் பங்கு தெரியும். நடந்த பதிவில் 10 மில்லிநொடி, 20 மில்லிநொடி, 50 மில்லிநொடி இடைவெளிகளில் அதே வேறுபாட்டைப் பார்த்தால் தாமதத்தின் பங்கு தெரியும். இரண்டையும் சேனலின் சராசரி பவரால் வகுத்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, அப்புறம் செயற்கை இரைச்சல் கணக்கை அந்த எண்களோடு மறுபடி போடுங்கள்.